படகில் பிரேக் தேடியவன்

மிதிபடகில் பிரேக்கைத் தேடிய ஒரே ஆள் நான்தான் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. படகென்றால் எனக்குப் பித்து. பிழைப்போ கள்ளக்குறிச்சியில் கார் ஓட்டக் கற்றுத்தருவது. இருபது வருடமாக இடப்பக்கம் உட்கார்ந்து, ஆபத்தென்றால் என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றி வருகிறேன்.

படகு ஓட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மனைவியிடம் அடித்த சவடாலை நிரூபிக்க, ஒரு ஞாயிறு அவளைக் கல்வராயன்மலைப் படகுத்துறைக்கு அழைத்துப் போனேன். மிதிபடகிலும் வழக்கம்போல் இடப்பக்கம் அமர்ந்தேன். கரை நெருங்கியதும் கால் தானாக ஓங்கி மிதித்தது. மிதிக்க மிதிக்க வேகம் கூடி, படகு சேற்றில் ஏறி நின்றது.

இழுத்துவிட்ட படகுக்காரர் கேட்டார்: “இன்னா தொழிலுங்க பண்றீங்க?”

நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்: “டிரைவிங் ஸ்கூலுங்க. இப்பத்தான், ரெண்டு நிமிஷம் முன்னாடி ரிட்டயர் ஆனாரு.”