புகைக்கூண்டை அடைத்த வீடு

ஏணியின் கீழே என் மாமனார் கையில் சாக்கட்டியோடு நிற்பதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. கொத்தனார் கூரையிலிருந்து சீமை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுப்பார். மாமனார் வாங்கித் திருப்பி, அடியில் ஒரு கோடு இழுத்து, சுவரோரம் சாய்த்து வைப்பார். கோடில்லாத ஓடு ஒன்று திரும்பக் கூரையேறினால், நம் வீட்டு நல்ல ஓட்டைக் கடத்திவிட்டு வேறு வீட்டுப் பழசைச் செருகிவிட்டான் என்று அர்த்தம். அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை. நடக்காததால் அவருடைய சந்தேகம் இன்னும் கூடியது. ஒருவன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறான் என்றால் வேறெங்கோ கைவைக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

பாகூர் கடைத்தெருவில் ஆணி, கீல், கயிறு விற்கும் கடை அவருடையது. எழுபதுகளின் நடுவில் நான் மடுகரையிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். அத்தை, அதாவது என் மாமியார், அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. படம் பிடிக்கிறவன் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்வான் என்று மாமனார் கடைசிவரை சம்மதிக்கவில்லையாம். இதைச் சொல்லிச் சிரித்தவர் என் கணவர். சிரித்து முடித்ததும், அப்பா காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கொத்தனாருக்குக் குருவிநத்தம். வருஷந்தோறும் ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து ஓடு மாற்றுவார். சுற்றுவட்டாரத்தில் பிடுங்கலான வீட்டுக்காரர்களை எல்லாம் சமாளித்துப் பழகியவர். உடைந்த ஓட்டை ஒருநாளும் கீழே வீச மாட்டார். வீட்டுக்காரர் காலடியில் கொண்டுவந்து வைப்பார். புறப்படும்போது யாரும் கேட்பதற்கு முன்பே தூக்குப்பாத்திரத்தைத் திறந்து காட்டிவிடுவார். "அவங்க வாயால கேட்டுட்டா அப்புறம் எனக்குக் கோவம் வந்துடும் மா. அதான் நானே காட்டிடறது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வேலை முடிந்த அன்று வீட்டுக்காரரை வீட்டுக்குள் உட்காரச் சொல்லிவிட்டு, மேலே ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளில் இரண்டு குடத்தோடு போதும் என்பார்கள். என் மாமனார் கிணறு கலங்கும்வரை ஊற்றச் சொல்லி, அண்ணாந்தபடியே உட்கார்ந்திருப்பார்.

எங்கள் அடுப்படி முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. அதற்கு ஒரு காலத்தில் புகைக்கூண்டு உண்டு. எங்கோ ஓர் ஊரில் கூண்டு வழியாகத் திருடன் இறங்கினான் என்று கேள்விப்பட்டு, நான் வருவதற்குப் பல வருஷம் முன்பே மாமனார் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அடைத்தவர் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. அவருக்குச் சோறு கூடத்துக்கோ கடைக்கோ போய்விடும். உள்ளே நான் சவுக்கு மிலாரோடு, அந்தச் சுள்ளி விறகோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். மழைக்காலத்தில் மிலார் ஈரமாகிவிட்டால் எதிரே இருக்கும் பானைகூடத் தெரியாது. இருமி இருமி நெஞ்சு வலிக்கும். சொல்லிப் பார்த்தேன். "மடுகரைக்குப் போவணும்னா நேரா கேளு. இருமிக் காட்டாத" என்றார் மாமனார். கணவரிடம் சொன்னால், "நீயே அப்பாகிட்ட சொல்லு" என்பார். நல்ல ஜோடி.

அதனால் நானே வழி செய்துகொண்டேன். மாமனார் கடைக்குப் போனதும் கொக்கித் தடியால் அடுப்புக்கு மேலிருந்த ஓட்டை நெம்பித் தூக்கி ஒருக்களித்து வைப்பேன். புகை வெளியே போகும். அவர் வருவதற்குள் தட்டி இறக்கிவிடுவேன். ஆனால் சீமை ஓடு பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தி உட்கார வேண்டும். கீழிருந்து தடியால் தட்டினால் உட்காராது. இது எனக்குத் தெரியாமல் போயிற்று. முதல் மழையிலேயே அடுப்படி ஒழுகியது.

கொத்தனார் வந்து சரிசெய்தார். மறுபடி ஒழுகியது. மறுபடி வந்தார். மாமனாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "திரும்பத் திரும்பக் கூப்பிடணும்னே ஒரு ஓட்டைய வுட்டுட்டுப் போறான்" என்று கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆணி வாங்க வருகிறவர்கள் எல்லாம் வீட்டில் ஏதோ வேலை வைத்திருப்பவர்கள்தானே. கொத்தனாருக்கு வேலை வருவதே அந்தத் தெருவிலிருந்துதான். துணிக்கடை பாய் தன் வீட்டுக் கூரையை அவரிடம் விடுவதாக இருந்தவர், "அப்புறம் பாப்பம்" என்றுவிட்டார். அடைமழை பிடித்துக்கொண்டால் அந்த வருஷத்துப் பிழைப்பு அத்தோடு சரி. இது என் காதுக்கும் வந்தது. உண்மையைச் சொன்னால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் கொத்தனார் பெயர் கெட்டுவிடும்.

மூன்றாம் முறை கொத்தனார் வந்தபோது மாமனார் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கொத்தனார் இந்தமுறை கூரைமேல் ஏறவில்லை. அடுப்படிக்குள் ஏணி போட்டு ஏறி, அடியிலிருந்து பார்த்தார். எல்லா ஓட்டின் அடியும் கரி. அந்த ஒரு ஓட்டில் மட்டும், தடி உரசிய இடம் சிவப்பாகத் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த தடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிடுவார், அல்லது இதை வைத்து என்னை மிரட்டுவார் என்றே நினைத்தேன். அந்த வீட்டில் இருந்து இருந்து எனக்கும் அவர்கள் புத்தி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பூனை நகத்தியிருக்கும் மொதலாளி" என்று வாசலில் நின்றிருந்த மாமனாரிடம் சொன்னார் கொத்தனார்.

"என் வூட்டுக்கு இன்னாத்துக்குப் பூன வருது? நகத்தினது நீதான். நாளைக்குக் கடைத்தெருவுல நாலு பேர வெச்சிக் கேக்கறன்."

அதற்குமேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "நான்தான் மாமா தள்ளினேன். பொக தாங்கல" என்றேன்.

சொன்னதும் விடிந்துவிடும் என்று நினைத்தேன். மாமனார் என்னைப் பார்த்தார், கொத்தனாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இவனுக்கு நீ எதுக்குப் பரிஞ்சு பேசற?" என்று மெதுவாகக் கேட்டார். என் மானத்தின்மேல் அவர் கைவைத்துவிட்டார். அந்த வார்த்தை வாசலைத் தாண்டினால் நானும் இல்லை, கொத்தனாரும் இல்லை.

கொத்தனார் கோபப்படவில்லை. ஏணியைவிட்டு இறங்கினார். "மொதலாளி, தண்ணி ஊத்தறப்ப உள்ள உக்காந்து பாப்பீங்க இல்ல. இன்னிக்கும் பாருங்க. ஓட்ட நான் மேல போயி சரியா உக்கார வெச்சிட்டு, கெணத்தாண்ட உங்க கண்ணுக்கு எதிர உக்காந்துக்கறன். மருமவ ஒல வெக்கட்டும். சோறு வடிக்கிற வரைக்கும் பாருங்க. ஓடு எப்பிடி நகருதுன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

மாமனாருக்கு இது பிடித்திருந்தது. இரண்டு பேரையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கலாம் அல்லவா. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அடுப்படிக்குள் நுழைந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, வாசல் வழியாகக் கிணறு தெரிகிறபடி உட்கார்ந்தார். நான் தொட்டுவிடாமல் இருக்கத் தடியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் மிலாரைப் பற்றவைத்தேன். முதல் மழையில் நனைந்த மிலார். வேண்டுமென்று செய்ததில்லை; இருந்ததே அதுதான்.

அரிசி கொதிக்கத் தொடங்குவதற்குள் புகையில் கூரை மறைந்துவிட்டது. அவர் தொண்டையைக் கனைத்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். எழுந்து வெளியே போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் போனால் அந்த நேரத்தில் நாங்கள் ஏதாவது செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தே இருந்தார். இருமல் வந்தது. நான் வாய் திறக்காமல் ஊதிக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன். மூச்சு முட்டியதும் அவர் தடுமாறி எழுந்தார். மடியிலிருந்த தடியை எடுத்து, அண்ணாந்து, ஓட்டைக் குத்தித் தள்ளினார். வெளிச்சம் விழுந்தது. புகை அந்த வழியாக ஏறியது. சோறு இன்னும் வேகவில்லை.

தடியோடு முற்றத்துக்குப் போய் வெகுநேரம் இருமினார். மன்னிப்பு என்ற பேச்செல்லாம் அவர் வாயில் வராது. "கூண்டத் தொறந்துவுடு. ஆனா கம்பி வெக்கணும்" என்றார் கொத்தனாரிடம். கம்பி அவர் கடையிலிருந்தே வந்தது.

அடுத்த நாள் துணிக்கடை பாயை அவரே கூப்பிட்டு, "நானே உள்ள உக்காந்து பாத்தன். ஓட்டு வேலையில தப்பு இல்ல" என்று சொன்னாராம். பாய் சிரித்துவிட்டு, "உங்களயே நம்ப வெச்சவன்னா என் வூட்டுக்கு அவன் போதும்" என்றாராம். கணவர் வந்து சொன்னார். யாரையும் நம்பாதவர் சொல்லுக்கு ஊரில் அப்படி ஒரு மதிப்பு இருந்தது. அந்த வருஷம் அடைமழை பிடிக்கும்வரை கொத்தனாருக்கு ஒருநாள்கூட ஓய்வில்லை. தடியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கூண்டைத் திறந்த அன்று மாலை அடுப்பு பற்றவைத்தேன். புகை நேராக மேலே போனது. மாமனார் அடுப்படி வாசலில் வந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைச் சரிபார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"உங்க அத்தையும் இருமுவா" என்றார். வாசல்படியைவிட்டு இறங்கிக்கொண்டே, "அவ வேலைக்கு டிமிக்கி குடுக்கறான்னு நெனச்சன்" என்றார். பிறகு தெருக்கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது இதைக் கேட்கிறவர்கள் சொல்கிறார்கள். வரவில்லை. அந்த அடுப்பின் முன்னால் எத்தனையோ வருஷம் உட்கார்ந்து, யாரும் நம்பாத இருமலை இருமிவிட்டுப் போன அத்தையை நினைத்துக்கொண்டேன். அன்று அடுப்படியில் புகையே இல்லை. ஆனாலும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.