ஆட்டாத குடம்

"சீட்டுகளைப் பயனாளிகள் முன்னிலையில் நன்கு கலந்த பின்னரே ஒவ்வொன்றாக எடுத்தல் வேண்டும்." வீடமைப்புச் சுற்றறிக்கை, ஒன்பதாம் பிரிவு. உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இதைத் தமிழில் பெயர்த்தவனே நான். "நன்கு" என்ற சொல்லை நானாகச் சேர்த்தேன். மேலிடம் ஆட்சேபிக்கவில்லை, படித்திருக்காது.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு அம்மன் கோயிலில் குலுக்கல் வைத்தார்கள். வீடுகள் கொஞ்சம், மேல் லயம், கீழ் லயம் என்ற இரண்டு பழைய வீட்டு வரிசைகளிலும் குடும்பங்கள் அதிகம். கீழ் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. என் தங்கை அந்த லயத்தில்தான் இருந்தாள்.

கோயில் தலைவர் சீட்டுப் போடக் கொண்டுவந்தது, திருவிழாவில் கரகம் சோடிக்கும் பித்தளைக் குடம். முதலில் கீழ் லயத்துச் சீட்டுகளைப் போட்டார். அவற்றின் மேல், மேல் லயத்துச் சீட்டுகளை.

"குடத்தை நல்லா ஆட்டுங்க," என்றேன்.

தலைவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "ஐயா, கரகக் குடத்தப் போயி ஆட்டுறதா? ஆத்தாவையே புடிச்சு உலுக்குற மாதிரிங்க. யாருக்கு எதுன்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும்னா சீட்டு எதுக்கு?"

"பென்சன் வாங்கியும் இவருக்கு ரூல் போகலையே!" என்றாள் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி. கோயிலே சிரித்தது. தங்கை என் சட்டையை இழுத்தாள். "விடுங்கண்ணே, சாமி காரியம்."

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு மேலாகக் கிடந்ததை எடுத்துக்கொண்டே வந்தார். வீடுகள் எல்லாம் மேல் லயத்துக்கே போயின. ஆத்தாவின் தீர்ப்பு என்றார்கள். போட்ட வரிசையின் தீர்ப்பு என்று சொல்லி, மறுகுலுக்கல் கேட்டு, பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன்.

பதிலுக்குக் காத்திருந்தபோதுதான் இந்த யோசனை பிடித்துக்கொண்டது. ஆட்டியிருந்தால் மட்டும் அது தற்செயலா? கை போன போக்கு, தாள் மடிந்த விதம், குடத்தின் கழுத்து எல்லாம் அறிந்தவனுக்கு அதுவும் முன்பே முடிந்த கணக்குதான். கல்லூரியில் பௌதிக ஆசிரியர் வேறொன்று சொன்னார். ரேடியம் அணுக்களில் எது இப்போது சிதையும் என்பதற்குக் காரணம் நமக்குத் தெரியவில்லை என்பதல்ல, காரணமே கிடையாதாம். அன்று அதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினேன். இப்போது அது தூக்கத்தைக் கெடுக்கிறது. காரணமே இல்லாத ஒன்றைப் பற்றி எந்த அலுவலகத்தில் முறையிடுவது?

ஐப்பசி மழையில் மேடு சரிந்தது. மேலிருந்து உருண்ட பாறை ஒரு தேயிலைச் செடியில் மோதித் திரும்பி, தங்கையின் ஒற்றை அறைக் காம்பராவை விட்டுவிட்டு, பக்கத்துக் காம்பராவுக்குள் புகுந்தது. கோயிலைச் சிரிக்க வைத்தவள் உள்ளே இருந்தாள்.

எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கவைத்தார்கள். பாயில் உட்கார்ந்திருந்த தங்கை கேட்டாள்: "குடத்த ஆட்டலன்னு சண்ட போட்டீங்களேண்ணே, அந்தக் கல்ல யாரு ஆட்டுனா? எனக்கு வந்தது ஏன் அவ பக்கம் திரும்புச்சு?"

சரிவின் கோணம், செடியின் வேர், மண்ணின் ஈரம் என்று ஆரம்பித்தேன். பாதியில் நானே நிறுத்திவிட்டேன்.

மிச்சம் நின்ற கீழ் லயத்தையும் இடித்தார்கள். அதன் பிறகே, இரண்டு லயங்களுக்கும் சேர்த்து மறுகுலுக்கல் நடத்தலாம், சீட்டுகள் நன்கு கலக்கப்பட வேண்டும் என்ற பதில் என் கைக்கு வந்தது. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கருமாதி.