ரோமர் நல்ல சனம்

என் அம்மாவுக்கு ஒரு காலத்தில் ரோமப் பேரரசின் மேல் பெரிய மரியாதை இருந்தது. அந்த மரியாதை வந்ததற்கு நான்தான் காரணம். அது ஒரே பகலில் போனபோதும் நான்தான் பக்கத்தில் நின்றேன்.

ஐந்தாம் வகுப்பில் ரோமர் பாடம் தொடங்கியபோது ஆசிரியை ஆளுக்கொரு கதைப்புத்தகம் தந்தார். எனக்குக் கிடைத்தது ஓர் அண்ணன் தம்பியின் கதை. லூக்கியுஸ் மூத்தவன், தீத்துஸ் இளையவன். இருவரும் படையில் சேர்ந்து, ரைன் ஆற்றைக் கடந்து வடக்கே சண்டைக்குப் போகிறார்கள். பாலம் எரிகிறது. குதிரையை ஆறு இழுத்துக்கொண்டு போகிறது. பிடிபட்ட ஒற்றன் கட்டை அறுத்துக்கொண்டு ஓடுகிறான். பக்கத்துக்குப் பக்கம் யாராவது ஒருவன் வாளை உருவிக்கொண்டு நின்றான். எனக்குச் சோறு தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

சுவிஸில், பூம்ப்ளிஸில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடித்து வந்து எங்கள் சமையலறையில் அடுத்த வேலையைத் தொடங்குவார். அவர் வெங்காயம் உரிக்க, நான் மேசையில் இருந்து ஒரு பந்தியை ஜெர்மனில் வாசித்து, பிறகு அதையே தமிழில் சொல்லவேண்டும். வாசித்தால் பள்ளிக்கூடத்துக்கு உதவும், சொன்னால் தமிழ் மறக்காது என்பது அவருடைய எண்ணம்.

முதலில் அவர் அரைக்காதில்தான் கேட்டார். காட்டுச் சண்டை வந்த நாளில் அது மாறியது. மழை, சேறு, மரங்களுக்குப் பின்னாலிருந்து பாயும் ஈட்டிகள். மிஞ்சியவர்கள் முகாமுக்குத் திரும்பி வரிசையில் நிற்க, ஒருவன் பெயர்களைக் கூப்பிடுகிறான். தீத்துஸின் பெயருக்குப் பதில் வரவில்லை. தீத்துஸ் ‘ஃபெர்மிஸ்ட்’ என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது.

அந்த ஜெர்மன் சொல் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். விடுமுறைக்குப் போன வகுப்புத் தோழி அனுப்பிய தபாலட்டையில் அதே சொல் இருந்தது. எனக்கு உன்னைத் தேடுது என்று எழுதியிருந்தாள். பிள்ளை தாயைக் காணாமல் ஏங்கினால் தாயைத் தேடுது என்று நாங்கள் சொல்வோமே, அந்தத் தேடல். ஆகவே கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்.

“தீத்துஸை எல்லாரும் தேடுகினம்.”

அம்மாவின் கத்தி நின்றது. “ஆர் தேடுகினம்?”

“எல்லாரும்தான். முழுப் பட்டாளமும்.”

“ஒரு பெடியனையோ?”

“ஓம்.”

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று நினைத்தேன். “நல்ல சனம்,” என்றார்.

அதற்குப் பிறகு, போட்டுவந்த ஜாக்கெட்டைக் கழற்ற முன்னமே “சின்னவன் என்னவானான்?” என்று கேட்கத் தொடங்கினார். தீத்துஸ் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. கடைசியாக அவனைக் கண்டது யார், காலில் என்ன போட்டிருந்தான், மற்றப் பக்கத்தாரிடம் விசாரித்தார்களா என்றெல்லாம் கேள்விகள். அதெல்லாம் புத்தகத்தில் இல்லை என்றால், “எழுதினவருக்கு அனுபவம் காணாது,” என்பார். கோயிலில் பிரசாத வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம், ரோமர் நல்ல சனம், ஒருத்தனைக் காணேல்லை எண்டால் விடமாட்டினம் என்று சொன்னார். அவை சுவிஸில் எந்தக் கன்டோன், எந்த மாநிலத்து ஆட்கள் என்று அந்தப் பெண் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வரவேற்பறைத் தட்டில் மாமாவின் படம் இருந்தது. அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். நான் அவரைக் கண்டதில்லை. அந்தப் படத்துக்கு மாலை கிடையாது, விளக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா போன் எடுப்பார். எங்கே சுற்றினாலும் கதை அந்தப் படத்தில்தான் வந்து நிற்கும். இவ்வளவு காலமாயிற்று, கிரியையைச் செய்துவிடுவோம் என்பது பெரியம்மாவின் மன்றாட்டம். அம்மா போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒருநாள் அப்பா தயங்கித் தயங்கி, ஐயரோடு கதைத்துப் பார்க்கட்டோ என்று கேட்டார்.

“காணேல்லை எண்டவனுக்கு ஆரும் கிரியை செய்யிறதோ?” என்றார் அம்மா. அன்று அப்பா சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். கிரியைக்கு ஓம் சொல்வது தம்பியைத் தன் கையாலேயே சாகடிப்பது போல அம்மாவுக்கு இருந்திருக்கவேண்டும். அந்த வயதில் எனக்கு அது பெரியவர்களின் வழக்கமான சண்டை.

புத்தகம் முடிந்தது. லூக்கியுஸ் தம்பியைத் தேடித் தனியாக அந்தக் காட்டுக்குள் நுழைகிறான், மிகுதி இரண்டாம் பாகத்தில். இரண்டாம் பாகத்தை நூலகத்தில் வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் வகுப்போடு பழைய ரோமர் முகாம் ஒன்றைப் பார்க்கப் போகும் பயணம் வந்தது. துணைக்குப் பெற்றோர் இருவர் தேவை என்றார்கள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அப்பா தள்ளிக்கொண்டு போனாலொழிய வராத அம்மா, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். எனக்காக வருகிறார் என்று நினைத்து எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அன்று முழுக்கத் தூறல். முகாம் என்று காட்டியது முழங்கால் உயரச் சுவர்களும் ஈரப் புல்லும். பிறகு நூதனசாலைக்குள் கூட்டிப் போனார்கள். அங்கே கயிறு கட்டிய இடத்தில் எழுத்து வெட்டிய கல் ஒன்று நின்றது. சண்டைக்குப் போய்த் திரும்பாத தம்பிக்கு அண்ணன் வைத்த கல் அது, கீழே எலும்பு ஒன்றும் இருக்கவில்லை என்று விளக்கம் சொல்லும் பெண் சொன்னார். அப்போது பின்வரிசையில் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை உயர்த்தினார்.

தன் உடைந்த ஜெர்மனில், புத்தகத்தில் ஒரு தம்பி ஃபெர்மிஸ்ட், முழுப் பட்டாளமும் தேடினது, ஆளைக் கண்டுபிடித்தார்களா என்று கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லச் சொன்னார். ஃபெர்மிஸ்ட் என்றால் ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது, அவ்வளவுதான். அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். படை அவர்களைத் தேடவில்லை, அந்த இடத்துக்குப் புது ஆட்களை எடுத்தது. கல்லை வைத்தது வீட்டு ஆட்கள் மட்டுந்தான். நான் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“ஒருத்தரும் தேடேல்லையோ?”

“இல்லையாம்.”

“நீ தேடினவை எண்டெல்லோ சொன்னனி?”

“நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அம்மா.”

அம்மா கல்லில் தம்பியின் பெயர் எது என்று கேட்டார். அந்தப் பெண் கயிற்றைக் கழற்றி அவரை உள்ளே விட்டு, எழுத்தைக் காட்டினார். வகுப்பு அடுத்த அறைக்குப் போன பிறகும் அம்மா அங்கேயே நின்றார்.

திரும்பும் ரயிலில் அம்மா யன்னல் பக்கம். நான் கோபத்தோடு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“சின்னவன் இனி வரமாட்டான், என்ன?”

“எப்பிடியம்மா வாறது? அவர் எப்பவோ செத்திட்டார்.”

“ஓம்,” என்றார் அம்மா. பிறகு என் ஜாக்கெட்டில் சிந்தியிருந்த துகள்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்த அப்பாவிடம், “இஞ்சாருங்கோ, ஐயரோட கதையுங்கோ,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பா கதவைப் பூட்ட மறந்து நின்றார். அந்தக் கிழமையே இரண்டாம் பாகம் நூலகத்துக்கு வந்தது. நான் ஓட்டமாய் எடுத்து வந்து வாசிக்கட்டோ என்று கேட்டேன். “வேண்டாம் பிள்ளை, நீ வாசி,” என்றார். அம்மாவுக்கு ரோமர் அலுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிரியை நடந்த அன்று மாமாவின் படத்துக்கு மாலை விழுந்தது. போனில் பெரியம்மா “என்ர சின்னவா, என்ர சின்னவா” என்று கத்தி அழுதது அறை முழுவதும் கேட்டது. அது யார் என்று அப்பாவைக் கேட்டேன். மாமாவை அவர்கள் வீட்டில் கூப்பிடுகிற பெயர் அது என்றார். அட, தீத்துஸுக்கு அம்மா வைத்த பெயர்தானே என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பெரியம்மா இத்தனை வருடமாகச் சுற்றிச் சுற்றிப் போயும், அப்பா தயங்கித் தயங்கி நின்றும், அம்மாவிடம் சொல்லத் துணியாத ‘செத்திட்டார்’ என்ற அந்த ஒரு சொல்லை, வாயில் பணிஸோடு நான் சொல்லியிருந்தேன். ரயிலில் நாங்கள் தீத்துஸைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்று நினைத்தேன்.