கீழே எல்லாம் தெரியும்

எங்கள் ஸ்கந்தபுரத்தில் ஜெட் விமானம் இறக்கத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். பதினொரு வயதில் இறக்கினேன். அதுவரை நான் போன மிகத் தொலைதூரப் பயணம் வவுனியாவுக்கு, அதுவும் பஸ்ஸில், வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டு. இப்போது நினைத்தாலும் அந்த நாள் என்னைத் திடுக்கிட வைக்கிறது. விமானத்தை இறக்கியதால் அல்ல. இறக்கிக்கொண்டே நான் சொன்ன ஒரு பொய்யால்.

சுவிஸில் இருந்த மாமா ஊருக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் பாவித்துக் கழித்த ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். கூடவே விளையாட்டுக்கென்று பிடியுள்ள ஒரு தடியும் வந்தது. உள்ளே ஒரு விமான விளையாட்டு இருந்தது. மாமாவின் பிள்ளைகளுக்கு அது அலுத்துவிட்டதாம். எனக்கும் அண்ணாவுக்கும் அலுக்க வழியே இல்லை, ஏனென்றால் கரண்ட் இருக்கும் நேரத்தில் பாதியை அவன் எடுத்துக்கொள்வான், மீதிப் பாதிக்குச் சண்டை நடக்கும். அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சத்தம் வரக் கூடாது. யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் ரோட்டில் ஒரு பெரிய லொறி இரைந்தால்கூட எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருதரம் மேலே பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்வார்கள். ஆகவே எங்கள் விமானங்கள் எல்லாம் ஊமை விமானங்கள்.

அந்த விளையாட்டில் இறங்குவதற்கு வழிகாட்டி உண்டு. வானத்தில் பச்சைப் பெட்டிகள் வரிசையாகத் தோன்றும். அவற்றுக்குள்ளால் போனால் போதும். உயரம், வேகம், இடம் வலம் எல்லாவற்றையும் ஓர் ஊசி காட்டிக்கொண்டிருக்கும். அண்ணா அப்படித்தான் இறக்கினான். இறக்கிவிட்டு, தானே விமானம் செய்தவன் மாதிரிக் கதிரையில் சாய்ந்துகொள்வான். அது கோடு போட்ட கொப்பியில் எழுதுகிற எழுத்து என்று நான் சொல்லிவிட்டேன். அவனுக்குச் சுருக்கென்றது. வழிகாட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, விமானத்தின் முன்கண்ணாடியால் பார்த்துக் கையால் இறக்கப் போனான். மூன்றுதரமும் விமானம் மூக்கு நிலத்தில் குத்தித் தீப்பிடித்தது.

"இது ஒருத்தராலும் ஏலாது," என்றான். "உனக்கு ஏலுமெண்டாச் செய்து காட்டு. செய்தா என்ர சைக்கிள் ஒரு மாதம் உனக்கு. ஆனா பெரிய ஆள் ஆராவது பாத்திருக்க வேணும். உன்ர வாயை நம்பேலாது."

என் வாயைப் பற்றி அவன் சொன்னது சரி என்பதைப் பிறகு நானே நிரூபித்தேன்.

அவன் டியூசனுக்குப் போகும் நேரங்களில் இரண்டு கிழமை பழகினேன். வரைபடத்தில் எங்களுக்குக் கிட்ட இருந்த விமான நிலையம் பலாலி என்பதால் அதையே பிடித்துக்கொண்டேன். தெற்கிலிருந்து எங்கள் வன்னிக்கு மேலால் வர வேண்டும். தூரத்தில் ஓடுபாதை ஒரு நெருப்புக்குச்சி அளவில் தெரியும். அது நீண்டு நிமிர்ந்தால் நாங்கள் அதிக உயரத்தில் நிற்கிறோம், தட்டையானால் நிலம் கிட்ட வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கவே இருபது விமானங்கள் எரிந்தன. பிறகு அம்மாவின் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டர் கண்ணாடியில் ஒட்டினேன். ஓடுபாதையின் இந்தப் பக்க நுனி அந்தப் பொட்டிலேயே நிற்க வேண்டும். நுனி பொட்டுக்கு மேலே ஏறினால் பாதைக்கு முன்னரே விழப்போகிறோம், கீழே இறங்கினால் பாதையைத் தாண்டப்போகிறோம். கடைசி நேரத்தில் மட்டும் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். விமானம் ஓட்டும் பெரியவர்கள் பொட்டு வைத்துத்தான் பழகினார்களோ எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை. அம்மா வயலுக்குப் புல்லுப் பிடுங்கப் போயிருந்தார், அண்ணா டியூசன் முடிந்து வர அரைமணி நேரம் இருந்தது. அப்போதுதான் சின்னம்மா முருங்கையிலைக் கட்டோடு வந்தார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை, பக்கத்து வளவில் வீடு. சித்தப்பா வவுனியாவில் மேசன் வேலை, கிழமைக்கு ஒருதரம் வருவார். அவர்களுக்கு ஒரே ஒரு மகன் இருந்தான், என்னைவிட ஒரு வயது மூத்தவன். யுத்தத்தில் செத்துப்போனான். அவர்கள் வீட்டுச் சுவரில் அவன் படம் இருந்தது. எங்கள் ஊரில் படம் இல்லாத வீடு குறைவு, அதனால் நான் அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை. சின்னம்மா அதிகம் கதைக்க மாட்டார். துவைத்த உடுப்பைக்கூட வெளியில் போடாமல் குசினிக்குள் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பார். அவர்கள் வீட்டு உடுப்பு எப்போதும் புகை மணக்கும். ஒருநாள் நான் அதைச் சொல்லிப் பகிடி பண்ணியபோது, அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் நொந்தது.

எனக்கு வேண்டியது பெரிய ஆள் ஒருவர். இதோ வந்துவிட்டார்.

"சின்னம்மா, இதில இருந்து பாருங்கோ. நீங்கள்தான் சாட்சி," என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

சின்னம்மா கதிரையின் நுனியில் இருந்தார். முருங்கையிலைக் கட்டு மடியில். நான் சிறிய போர் விமானத்தைத்தான் எடுத்திருந்தேன், அது சொன்ன பக்கம் சட்டென்று திரும்பும். அவர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"இது கிபிரோ?"

குண்டு போட வந்த ஜெட் எல்லாவற்றுக்கும் எங்கள் சனம் வைத்திருந்த பெயர் அது. "ஓம், அது மாதிரித்தான்," என்றேன்.

"இதுக்குள்ள இருக்கிறவனுக்குக் கீழ உள்ளது தெரியுமோ?"

உண்மையில் கீழே என்ன தெரிந்தது? பச்சைப் பாய் ஒன்றை விரித்ததுபோல நிலம். ஒரே மரத்தையே திரும்பத் திரும்ப வைத்திருந்தார்கள். குளம் ஒன்று நீலமாகக் கிடந்தது. வீடு இல்லை, வேலி இல்லை, ஒரு ஆடு மாடு இல்லை. ஆனால் நான் விமானி. விமானியிடம் ஒரு பெரிய ஆள் சந்தேகம் கேட்கிறார். தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வருமா?

"தெரியும்," என்றேன்.

"உடுப்புக் காயப்போட்டிருந்தா?"

"அதுவும் தெரியும்."

"ஆக்கள்?"

"எல்லாம் தெரியும் சின்னம்மா. சின்னப் பிள்ளை நிண்டாலும் தெரியும். கையில என்ன வைச்சிருக்கெண்டுகூடச் சொல்லலாம்."

கடைசி வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

நுனி பொட்டில் நின்றது. வேகத்தைக் குறைத்தேன், மூக்கைத் தூக்கினேன், சக்கரம் தொட்டது. விமானம் ஒரு துள்ளுத் துள்ளி, நேராக ஓடி, ஓடுபாதையின் நடுவில் நின்றது. தீ இல்லை. நான் கத்திக்கொண்டு திரும்பினேன்.

சின்னம்மாவின் முகத்தைக் கண்டதும் கத்துவதை நிறுத்தினேன். அவர் கண் திரையில் இல்லை, என்னிலும் இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"அப்ப அவன் கண்டவன்," என்றார். "என்ன பிள்ளை? கண்டவன்தானே?"

எவன் என்று எனக்குத் தெரியவில்லை. சாட்சி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று, "ஓம்," என்றேன்.

சின்னம்மா எழுந்தார். முருங்கையிலை நிலமெல்லாம் சிந்தியது. முற்றத்துக்குப் போனவர், வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்துக் கத்தத் தொடங்கினார். "கண்டனியெல்லே! பிள்ளை எண்டு கண்டும் போட்டனியெல்லே!" அதன் பிறகு வந்தவை நான் அதுவரை ஆண்கள் வாயிலும் கேட்டிராத தூஷண வார்த்தைகள். வானத்தில் ஒரு கொக்குக்கூட இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினேன், அதுதான் இத்தனைக்கும் காரணம் என்பதுபோல.

வேலியோரம் சனம் கூடிவிட்டது. அம்மா வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்து சின்னம்மாவைக் கட்டிப்பிடித்தார். அந்த நேரம் பார்த்து அண்ணாவும் சைக்கிளோடு வந்து சேர்ந்து, வேலிப் படலையில் விறைத்து நின்றான். அம்மா சின்னம்மாவை அணைத்துக் கூட்டிக்கொண்டு போகும்போது, சின்னம்மா அவனுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் குரல் நிதானமாக வந்தது.

"தம்பி, அவள் இறக்கினவள். நான் பாத்தனான்."

அண்ணா சைக்கிளை என்னிடம் தந்தான். ஒரு மாதமும் ஒருநாள் தவறாமல் ஓடினேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அவாவோட என்ன கதைச்சனி?" என்று அம்மா என்னைப் பலதரம் கேட்டார். ஒண்டும் கதைக்கேல்லை என்று நானும் பலதரம் சொன்னேன்.

அடுத்த கிழமை சின்னம்மா தன் முற்றத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே நைலோன் கயிறு கட்டினார். சேலை, சாறம், நெல்லுப் படங்கு, எல்லாம் வெயிலில் பறந்தன. சின்னம்மா தெளிந்துவிட்டா என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். எனக்கும் பயம் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் படிக்கும் காலத்தில் ஒரு லீவுக்கு வந்தபோதுதான், பேச்சோடு பேச்சாக, சின்னம்மா முந்தி ஏன் உடுப்பை வெளியில் காயப்போடுவதில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சொன்னார். விமானத்துக்குப் பயந்து அந்தக் காலத்தில் யாரும் வெள்ளை உடுப்பை வெளியில் போட மாட்டார்களாம். புதுத் தகரக் கூரைக்குமேல் தென்னோலைக் கிடுகு போட்டு மறைப்பார்களாம். மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் எறித்த ஒரு காலை, சின்னம்மா சித்தப்பாவின் வெள்ளை வேட்டியை ஒரு மணித்தியாலத்துக்கென்று வேலியில் போட்டிருக்கிறார். மகன் முற்றத்தில் விளையாடிக்கொண்டு நின்றான். விமானம் வந்தது.

"வேட்டியைக் கண்டுதான் வந்தவன் எண்டு ஊரே சொன்னது," என்றார் அம்மா. "செத்த வீட்டில அவான்ர மாமியார் முகத்துக்கு நேரேயே சொன்னா." கத்தி நின்றது. "நானும் சொன்னனான்."

உடுப்புத் தெரியுமோ என்று கேட்ட தாயிடம் தெரியும் என்றிருக்கிறேன். அதோடு நின்றேனா? பிள்ளையும் தெரியும் என்றிருக்கிறேன். நிஜமான விமானிக்கு மேலிருந்து என்ன தெரியும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது பச்சைப் பாய் ஒன்றுதான்.

அன்று மத்தியானமே போனேன். சின்னம்மா முற்றத்தில் படங்கு விரித்து நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியில் நாலுதரம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"சின்னம்மா, நான் சின்னனில பிளேன் இறக்கேக்க உங்களுக்கு ஒண்டு சொன்னனானெல்லே..."

"எல்லாம் தெரியும் எண்டனி," என்றார் அவர், நெல்லைப் பார்த்தபடியே. "சின்னப் பிள்ளை நிண்டாலும் தெரியும், கையில என்ன கிடக்கெண்டும் தெரியும் எண்டனி." கால் நின்றது. "அவன்ர கையில பாதி பிஸ்கட்டு இருந்தது. அதைக் கண்டும் குண்டு போட்டவனுக்கு வேட்டி என்னத்துக்கு, சொல்லு பாப்பம்? நீ சொல்லுற வரைக்கும், ஆறு வருசமா எல்லாரும் நான்தான் பிளேனைக் கூப்பிட்டனான் எண்டிச்சினம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். என்ர பிள்ளையை நான் கொல்லேல்லை எண்டு சொன்னது நீ ஒருத்திதான்."

நான் படங்கின் ஓரத்தில் குந்தினேன்.

சின்னம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அது உண்மைதானே, பிள்ளை?"

"ஓம் சின்னம்மா," என்றேன். "உண்மைதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நெல்லைத் துழாவத் தொடங்கினார். இந்தமுறை நான் என்ன சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பதினொரு வயதில், என் பக்கத்தில் கதிரை நுனியில் இருந்தவர் விமானத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.