நாலாம் வகுப்புச் சுவரில் ஒரு கண்டக்டர்

போன வாரம் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மருமகள், முடியை நேராக்கும் மிஷினைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சூடாக்கிவிட்டாள். வீடு முழுக்க முடி கருகிய வாடை. ஒரு கொத்துதான் போச்சு என்று அவள் சிரிக்கிறாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் கூப்பிடும்வரை அங்கேயே நின்றிருந்தேன். எனக்கு அந்த வாடை ஆகாது. ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே எபிடயாஸ்கோப் என்று ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் அடியில் ஒரு படத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி விளக்கைப் போட்டால், அந்தப் படம் சுவரில் ஆளுயரத்துக்குத் தெரியும். அதன் பாகங்கள் எல்லாவற்றையும் படம் வரைந்து நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தொட்டது மட்டும் இரண்டே தடவை. முதலில் விளக்கின் சூட்டைத் தணிக்கும் ஃபேன், பிறகு விளக்கு. அணைக்கும்போது விளக்கு முதலில். அதையும் ஒப்பிப்பேன்.

டிரெய்னிங் ஸ்கூலை ஒட்டிய மாடல் ஸ்கூலில் நாலாம் வகுப்புக்கு நான் மார்க்குக்காகப் பாடம் எடுத்துக்காட்ட வேண்டிய நாள் வந்தது. தொழில்களும் உடைகளும் என்பது பாடம். வீட்டில் போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அஞ்சலை என்கிற பெண் மட்டும் கொண்டுவந்தாள். அவள் அப்பா பஸ் கண்டக்டர், அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனவர். கார்த்திகை தீபத்துக்குக் கடைத்தெருவில் போட்டிருந்த தற்காலிக ஸ்டூடியோவில், காக்கிச் சட்டையும் தோல் பையுமாக எடுத்துக்கொண்ட படம். வேறு படம் கிடையாது. பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

மலை தெரிகிற ஜன்னல்களை எல்லாம் ஹாஸ்டல் கம்பளியால் மூடினோம். பெட்டியின் ஃபேன் மாவு மில் மாதிரி சத்தம் போட்டது. மார்க் போட வந்திருந்த மேடம் கடைசி பெஞ்சிலிருந்து, "பின்னாடி கேக்கலம்மா" என்றார். குரலுக்குத் தனி மார்க் உண்டு. நான் யோசிக்கவே இல்லை, ஃபேனை நிறுத்திவிட்டேன். அறை அமைதியானது. என் குரல் கணீரென்று எனக்கே கேட்டது. அப்பா சுவரில் நின்றதும் அஞ்சலை எழுந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் டீச்சர்."

பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஈடுபாடு வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை. காக்கியைப் பற்றி, பையைப் பற்றி, விசிலைப் பற்றி விடாமல் பேசினேன். முடி கருகுவதுபோல வாடை வந்தபோது பிளக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிள்ளைகள் கத்தினார்கள். பதற்றத்தில் விளக்கை அணைக்காமல் ஃபேனைப் போட்டேன். பிறகு படத்தை இழுத்தேன். முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கழுத்துக்குக் கீழேதான் என் கையில் வந்தது.

அஞ்சலை அழவில்லை. பாடத்தைத் தொடரும்மா, நேரம் ஓடுது என்றார் மேடம். நானும் தொடர்ந்தேன். அடுத்த படம் போலீஸ்காரர். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

மறுநாள் அவள் அம்மா, கடலை மண்டி வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். திட்டட்டும், அடிக்கக்கூடச் செய்யட்டும் என்றுதான் எதிரே போய் நின்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு மனசுல கீது டீச்சர். இவளுக்குதான் ஒண்ணுமில்லாமப் போச்சு."

மன்னிப்புக்கூடக் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அஞ்சலை நோட்டும் பென்சிலுமாக என்னிடம் வந்தாள். அப்பா முகம் மறந்துபோய்விடும் என்று அவளுக்குப் பயம். "நீங்க சொல்லுங்க டீச்சர், நான் எழுதி வெச்சுக்கறேன்" என்றாள். டீச்சருக்குத்தானே எல்லாவற்றுக்கும் வார்த்தை தெரியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சுவரைப் பார்க்கவே இல்லை. சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில், மார்க் போடுகிற மேடத்தின் கையைத்தான் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கும்போதாவது பார்த்தேனா என்றால், சட்டைதான் நினைவுக்கு வருகிறது.

அவள் காத்திருந்தாள். எதையாவது சொல்லியாக வேண்டும். நல்ல சிரிச்ச முகம் என்றேன். இரண்டு வார்த்தை எழுதினவள் பென்சிலை நிறுத்தினாள்.

"அவரு சிரிக்கல டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னாள். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு மார்க் நன்றாகவே வந்தது. வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். மாடல் ஸ்கூல் இருந்த இடத்தில் இன்றைக்குக் கடைகள். அந்தப் பெட்டியை எந்தப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போனாரோ. அஞ்சலை எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவள் அம்மா இந்நேரம் இருக்க வாய்ப்பில்லை. மிச்சமிருந்த முகமும் அந்த அம்மாவோடு போயிருக்கும்.