நழுவக் கூடாத மிஷின்

அது கார்த்திகைக் கடைசி என்பார் அப்பா. மார்கழி பிறந்துவிட்டது என்பது அம்மாவின் கட்சி. அம்மா சொல்வதுதான் சரி. அன்று காலை நாங்கள் ராஜபாளையத்திலிருந்து கிளம்பியபோது தெருவில் வாசலுக்கு வாசல் கோலமும் அதன் நடுவே பூசணிப்பூவும் இருந்தன. டெம்போவின் பின்னால் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே போனது எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதில் மட்டும் தகராறு இல்லை. அப்பாவின் லேத் பட்டறைக்கு வேறு நாளில் விடுமுறை கிடையாது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அம்மாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியிருந்தார். இனிமேல் கரையிலேயே இருப்பது என்று முடிவெடுத்து, அதன் அடையாளமாக வேம்பாரில் ஒரு பைபர் படகு வாங்கினார். கரையில் இருப்பதற்குப் படகு எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் டவுன்ரிக்கர் என்ற கருவியில் இரண்டு வாங்கி வைத்திருந்தார். பார்ப்பதற்குக் கிணற்று ராட்டினத்தின் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு உருளை, அதில் சுற்றிய எஃகுக் கம்பி, சுற்றுவதற்குக் கைப்பிடி, வெளியே நீண்ட ஒரு கை. கம்பியின் நுனியில் பெரிய ஈயக் குண்டு தொங்கும். தூண்டில் நரம்பைக் கம்பியில் கவ்வவிட்டுக் குண்டை இறக்கினால் இரை ஆழத்துக்குப் போகும். படகு மெல்ல ஓட ஓட இரையும் கூடவே ஓடும். ஆழத்தில் திரியும் சீலா மீன் ஏமாந்து கவ்வும். மாமா அப்படித்தான் சொன்னார்.

படகின் விளிம்பு மெலிசு. அதில் இந்தக் கருவியை நிறுத்த அடியில் தகடு கொடுத்துப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் படகே டெம்போவில் ஏறி எங்கள் பட்டறைக்கு வந்தது. அப்பா மில் மிஷின்களுக்கு அடித்தளம் போடுகிறவர். அவர் மாட்டியது கழன்றதாகச் சரித்திரம் இல்லை. மில்லுக்குப் போடும் தடிமனிலேயே தகடு வெட்டினார். நட்டுகளைத் தகட்டிலேயே பற்றவைத்து, மேலிருந்து ஒரே ஸ்பேனரில் போல்ட்டை முடுக்கும்படி செய்தார். முதல் கருவியை மாட்டி முடித்ததும் குண்டைப் பிடித்துத் தன் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தார். உருளை கிரீச்சென்று நழுவிக் கம்பியை விட்டது.

"மாப்ளே, இது நழுவுதே."

"அப்படித்தான் இருக்கும் போல அத்தான். நான் மாட்டுனதில்ல, ஓடுதப்ப பாத்திருக்கேன், அம்புட்டுத்தான்."

"நழுவுதது எப்படிப்பா சரியா இருக்கும்? மில்லுல நழுவுத மிஷினை மாட்டிட்டு வந்தா மறுநாள் வாட்ச்மேன் என்னைய உள்ள விடுவானா?"

உருளையின் பிடியைக் கூட்டும் திருகைக் கடைசி வரை முடுக்கினார். அப்படியும் லேசாக நழுவியது. அப்பா வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உருளையையும் கைப்பிடியையும் சேர்த்துப் பற்றவைத்து ஒரு பொட்டு வைத்தார். அதன் பிறகு அது நழுவவில்லை. மாமா கை தட்டினார்.

வெள்ளோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்று. அம்மா பிறந்த ஊர், மீன் குத்தகைக்காரர் தூரத்து உறவு. ஓடும்போது அடித்தளம் அதிருகிறதா என்று மாட்டியவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் இதை அம்மாவுக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருந்தேன்.

கரையில் அம்மா தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, இவியளை எதுக்கு ஏத்துத? நீ மட்டும் போயிட்டு வா."

"நான் கூட இருக்கேன்ல அக்கா."

"நீ கூட இருக்கதுதான் எனக்குப் பயமே."

மாமா அப்பாவுக்கு மிதவைச் சட்டை ஒன்று கொடுத்தார். அதைப் போட்டால் குனிய முடியவில்லை என்று அப்பா கழற்றிவிட்டார். பதிலுக்கு ஒரு லாரி டியூபில் காற்றடித்துப் படகில் போட்டார்கள். அப்பா அதை மணை மாதிரி போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கண்மாய்க் காவல்காரர் வேப்பங்குச்சியை மென்றபடி வந்து நின்றார். "அண்ணாச்சி, கெண்டை பிடிக்கதுக்கா இம்புட்டு மிஷினு?"

"வெள்ளோட்டம்தான் அண்ணாச்சி."

"உள்ள கருவேலம் நிக்கி. தண்ணி மூடியிருக்கு, தெரியாது."

"நாங்க மேலாலதானே போறோம்," என்றார் மாமா.

மேலாலதான் போனார்கள். குண்டு மட்டும் கீழே போனது. படகு கண்மாயின் நடுவே மெதுவாக ஊர்ந்தது. அப்பா ஒரு கையால் தகட்டைத் தொட்டுக்கொண்டு, காய்ச்சல் பார்க்கும் டாக்டர் போல இருந்தார். சட்டென்று படகின் பின்மூலை ஒன்று தண்ணீருக்குள் அமுங்கியது. முன்பக்கம் தூக்கியது. குண்டு எதிலோ மாட்டிவிட்டது. நழுவி விடவேண்டிய கம்பி நழுவவில்லை. எஃகுக் கம்பி அறாது. அப்பா போட்ட அடித்தளம் பெயராது. மூன்றும் சேர்ந்து படகைக் கீழே இழுத்தன.

மாமா எஞ்சினை நிறுத்துவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மலைப்பக்கத்திலிருந்து வந்த காற்று படகைத் தள்ள, கம்பி இன்னும் விறைத்தது. மாமா உதவிக்கு எழுந்தார்.

"இங்கன வராத. அங்கயே உக்காரு," என்ற அப்பாவின் குரல் கரைவரை கேட்டது. அவரும் வந்தால் அந்த மூலை முழுகிவிடும்.

லாரி டியூப் படகைவிட்டுத் தானாக மிதந்து போனது. நான் அதையே பார்த்தேன். அப்பா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்து, தண்ணீருக்குள் கையைவிட்டு, தான் முடுக்கிய போல்ட்டுகளைத் தானே கழற்ற ஆரம்பித்தார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகிக்கொண்டே போனது. காவல்காரர் குச்சியைத் துப்பிவிட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

டப் என்று ஒரு சத்தம். கருவி பிய்த்துக்கொண்டு கண்மாய்க்குள் போனது. படகு துள்ளியது. அப்பாவைக் காணோம். அதோடு சேர்ந்து அவரும் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு படகுக்குள்ளிருந்து அவர் தலை எழுந்தது. மல்லாக்க விழுந்திருந்தார், அவ்வளவுதான். கையில் ஸ்பேனர் இருந்தது.

படகு கரைக்கு வந்ததும், திரும்பப் போய் முங்கித் தேடுகிறேன் என்றார் மாமா. "இரும்புதான, கெடக்கட்டும். வண்டியில ஏறுங்க ரெண்டு பேரும்," என்று அம்மா தடுத்துவிட்டாள். இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். அந்தப் பங்குனியில் கண்மாய் வற்றியபோது கருவி கருவேல மூட்டிலேயே கிடைத்தது. கம்பி துருவேறிப் போயிருந்தது. அப்பா வைத்த பொட்டு மட்டும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவுக்குத் தலை துவட்டித் திருநீறு பூசினாள். எனக்குச் சந்தோஷத்தில் அந்த வீடே புதுசாகத் தெரிந்தது. அப்பா மட்டும் இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மதியச் சோறு அப்படியே இருந்தது. சாயங்காலம் காப்பியும் ஆறிப்போனது. நாளைக்குப் பட்டறை திறக்கப்போவதில்லை என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுப்படியில் அம்மா மாமாவிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னாள். மாமா தலையாட்டிவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அத்தான், இன்னொன்னை எப்ப மாட்டலாம்?"

ஒருதரம் கொல்லப் பார்த்தது போதாதா இந்த மனுஷருக்கு? அப்பா எழுந்து ஓங்கி ஒன்று வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா எழுந்துதான் உட்கார்ந்தார்.

"எம்புட்டு நழுவணும்னு தெரிஞ்சவங்கட்ட கேட்டுச் சொல்லு மாப்ளே. பொறவு மாட்டுவோம்."

அம்மா உடனே தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஏதோ நல்ல சேதி கேட்டவள் போல இன்னொரு கரண்டி குழம்பும் விட்டாள்.

அம்மாவும் இதற்கு உடந்தை என்று தெரிந்ததும் நான் உள்ளே போய்ப் படுத்து அழுதேன். "ஏட்டி, என்னத்துக்கு அழுத?" என்று மாமா கேட்டார். அப்பா பிழைத்து வந்துவிட்டார், எல்லாம் முடிந்துவிட்டது, பிறகும் ஏன் இவர்கள் தொடங்குகிறார்கள் என்பதுதான் என் அழுகை. அம்மா தட்டு வைத்த அந்த நேரத்தில்தான் அப்பா கண்மாயிலிருந்து கரையேறிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.