நெளிதகடுகளைப் பார்க்க வெள்ளிமலைக்குப் போனேன்

சென்ற கார்த்திகையில் கல்வராயன் மலையில் சாமை உலர்த்தும் கொட்டகை ஒன்று எரிந்தது. அங்கே விறகடுப்பின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் பெட்டியை வடிவமைத்தவன் நான். புகைப்படங்களை மட்டும் பார்த்து, ‘தகடுகள் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை’ என்று வீட்டிலிருந்தே அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். அதை வைத்து, பெட்டியைக் கவனித்துவந்த அஞ்சலையை, கொட்டகையை நடத்தும் மகளிர் குழு வேலையிலிருந்து நீக்கியது. தீயில் அவருடைய வலது கையும் வெந்து முடங்கியிருந்தது. “ஒருவாட்டி வந்து பாருங்க சார்” என்று மூன்று முறை தொலைபேசினார். மாசியில்தான் எனக்குத் துணிவு வந்தது.

காலை 5.00 மணிக்குத் தாம்பரத்தில் பேருந்து. 8.15க்கு உளுந்தூர்பேட்டை, 9.20க்குக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை, 11.10. (மலைப்பாதையில் தலை சுற்றும்; முன் இருக்கை நல்லது.) மீதி ஆறு கிலோமீட்டருக்கு ஷேர் ஜீப், முப்பது ரூபாய்.

“மிசின் கொட்டாய்க்கா சார்? அதான் வெந்து பூட்டுதே!” என்றார் ஓட்டுநர். “அந்த அஞ்சலை சுத்தம் பண்ணாம கதை பேசிக்கினு இருந்துச்சாம். பெரிய இஞ்சினீரே எழுதிக் குடுத்துட்டாராம்.”

நான் யாரென்று சொல்லவில்லை.

கொட்டகையில் கருகிய பெட்டி அப்படியே இருந்தது. தட்டையான தகட்டைவிட நெளிதகட்டில் காற்று முட்டித் திரும்பி அதிகச் சூட்டை வாங்கும், விறகு மிச்சம். இன்னும் மிச்சப்படுத்த, தகடுகளை மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி, சாமையைத் தொட்டுவந்த காற்றையே மறுபடி அதற்குள் அனுப்பியிருந்தேன். அந்தக் காற்றில் உமி வரும்; இடுக்கில் அடைத்துக்கொண்டால் சூட்டில் தீப்பிடிக்கும். என் கணக்கில் சுத்தமான காற்றுதான் இருந்தது.

அங்கே காத்திருந்த அஞ்சலை ஓர் ஈர்க்குச்சியை நீட்டினார். “வுட்டுப் பாருங்க.”

குச்சி முதல் நெளிவைத் தாண்டியது. இரண்டாவதில் ஒடிந்தது. நான் கொண்டுபோன கம்பித் தூரிகையும் நுழையவில்லை. ஒன்பது இடங்களில் முயன்றேன்.

“தெனம் காலையில இதான் சார். முக்கா மணி நேரம் நோண்டுவேன். உள்ள புகையுதேன்னு கைய வுட்டப்பதான் புடிச்சிக்கிச்சு.”

“தப்பு என்னுடையதுதான் அம்மா” என்றேன். அது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குத் தெரியாததா? அதோ நிக்கிறாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. கேக்கற மாரி சொல்லுங்க.”

வாசலில் குழுவைச் சேர்ந்த ஆறு பெண்கள் நின்றார்கள். சொன்னேன். தலைவி செல்வி என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அப்போ கையெழுத்து போட்டதும் நீங்கதான?”

“ஆமாம்.”

செல்வி அஞ்சலையின் பக்கம் திரும்பி, “அக்கா, வேற மிசின் வந்தா நீ திரும்ப வந்துடு” என்றார்.

அஞ்சலை மடங்கிப்போன விரல்களைத் தூக்கிக் காட்டினார். “இத்த வச்சிக்கினு இன்னாத்தடி அள்ளறது?”

திருத்திய அறிக்கையை அங்கேயே எழுதினேன். அஞ்சலை அதை இடது கையால் வாங்கிச் செல்வியிடம் கொடுத்தார். “சத்தமா படி.”

போகிறவர்களுக்கு: நான் திரும்பிய பேருந்து வெள்ளிமலையில் மாலை 4.40க்கு, அதற்குப் பின் நிச்சயமில்லை. மதியச் சாப்பாட்டைக் கள்ளக்குறிச்சியிலேயே கட்டிக்கொள்ளுங்கள். தகடு வடிவமைப்பவர்கள், வரைவதற்கு முன்பே ஒருமுறை போய், அதைச் சுத்தம் செய்யப்போகிறவரிடம் பேசிவிடுங்கள். என் வீட்டிலிருந்து ஆறரை மணி நேரம். அதைத்தான் நான் மிச்சப்படுத்தியிருந்தேன்.